பேரை மாத்திட்டேன், அக்கா

தம்பியின் கையெழுத்துக்காக நின்ற வரிசையில் அக்காவும் நின்றாள். புத்தகத்தை அவளும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருந்தாள். வயிறு எரிந்தது, ஆனால் காசுக்காக அல்ல.

பெரிய கும்பல் ஒன்றில் எடுபிடியாக இருந்து, மாட்டிக்கொண்டதும் அப்ரூவராக மாறி, சாட்சி சொல்லித் தலைவனை உள்ளே தள்ளிய மகானுபாவன் அந்தத் தம்பி. இப்போது அதையெல்லாம் புத்தகமாக எழுதிவிட்டான். புத்தகக் கடையில் அவனுக்கு மேஜை, நாற்காலி, பின்னால் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள். ராஜமரியாதைதான், போங்கள்!

அவள் முறை வந்தது. விரலை நுழைத்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் போட்டாள்.

“இது என்னடா?”

தலைவன் ஒளிந்திருந்த வீட்டைத் தனக்குச் சொன்னது டிரைவர் ‘தூக்கம்’தான் என்று அதில் அச்சாகியிருந்தது. தூக்கம் வேறு யாருமில்லை, அவள் புருஷன். கும்பலுக்குக் கார் ஓட்டிய காலத்தில், வண்டி நின்றால் போதும், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிடுவார். அந்தப் பிழைப்பைத் தலைமுழுகிவிட்டு இப்போது பஞ்சர் ஒட்டுகிறார். அவர் வாயைத் திறந்த கதை அவர், அவள், தம்பி என்ற மூன்று பேரோடு நின்றிருந்தது. வெளியே தெரிந்தால் தலைவனின் ஆட்கள் அவரை உயிரோடு விடமாட்டார்கள். புத்தகம் வந்த சங்கதியே அந்த மனுஷனுக்குத் தெரியாது.

“ஐயோ அக்கா, பயப்படாத. வக்கீல் சொன்னபடி எல்லார் பேரையும் மாத்திட்டேன். மாமாவுக்குக் கூட வேற பேர்தான் போட்டிருக்கேன், பாரு.”

“அட மண்டூகமே! அவரோட நெஜப் பேரு எந்தப் பயலுக்குடா தெரியும்? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரி சீட்டுக்குத் தெரியும். அவனுங்க எல்லாரும் தூக்கம்னுதானேடா கூப்பிட்டானுங்க! அதை அப்படியே விட்டு வெச்சிருக்கியே!”

கத்த முடியவில்லை. கத்தினால் அவளே ஊருக்குத் தண்டோரா போட்டது போல ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, கிசுகிசுவென்று திட்டினாள்.

தம்பியின் முகம் ஒரு கணம் வெளிறியது. உடனே தேறிக்கொண்டான். “பட்டப்பேரை மாத்தினா கதையில உயிரே இருக்காதுக்கா.”

“கதைக்கு உயிர் வேணும், என் புருஷனுக்கு வேண்டாமா? உனக்குப் பின்னால ரெண்டு துப்பாக்கி நிக்குது. அவருக்குப் பின்னால என்னடா இருக்கு? பழைய டயரு!”

“அடுத்த பதிப்புல எடுத்துடறேன்.”

“அதுவரைக்கும் அவரு இருக்கணுமேடா, பாவி!”

வரிசையில் அடுத்து நின்ற பெரியவர் ஆர்வம் தாங்காமல் எட்டிப் பார்த்தார். “சார், அந்தத் தூக்கம் இப்ப எப்படி இருக்கார்? தங்கமான மனுஷன் சார்!”

கைதட்டலுக்குப் பழகிய வாய் சும்மா இருக்குமா? தம்பி பல்லிளித்தான். “இதோ, இவங்க எங்க அக்கா. தூக்கத்தோட சம்சாரம்.”

நாலைந்து செல்போன்கள் அவள் முகத்துக்கு நேரே எழுந்தன. அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. சின்ன வயதில் இவனை இடுப்பில் தூக்கிச் சுமந்ததை நினைத்தபோது அவள்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது,” என்றாள் கடை முழுக்கக் கேட்கும்படி. “எனக்குத் தம்பியும் கிடையாது, புருஷனும் கிடையாது. எனக்குக் கல்யாணமே ஆகல!”

யாரோ சிரித்தார்கள். புத்தகத்தை மேஜையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தாள். உடனே புருஷனுக்குப் போன் போட்டாள்.

“கடையைச் சாத்திட்டு உடனே கிளம்புங்க. ஏன்னு கேக்காதீங்க. யாராவது பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்காதீங்க.”

“அட, உனக்கு எப்படித் தெரியும்?” அவர் குரலில் ஒரே குஷி. “பழைய பசங்க போலிருக்கு, ரெண்டு பேர் வந்திருக்காங்க. வாசல்ல நின்னு ‘தூக்கம்’னு கூப்பிட்டான் ஒருத்தன். எத்தனை வருஷமாச்சு அந்தப் பேரைக் கேட்டு! சட்டுனு திரும்பிட்டேன். இரு, உள்ள வராங்க, அப்புறம் பேசறேன்.”