சாம்பலன் படத்துக்கு மூன்று பேர் போனோம்

விசில் அடித்தது நான் கட்டிக்கொள்ளப்போகிற ஆள்தான். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து, இரண்டு விரலை வாயில் வைத்து, என் காது கிழிய அடித்தார். திரையில் ஒருவனுடைய மணிக்கட்டு உடைந்துகொண்டிருந்தது. எனக்கு இந்தப் பக்கம் அப்பா. அப்பாவின் இடது மணிக்கட்டு இருபத்தெட்டு வருஷமாக வளைந்தபடிதான் இருக்கிறது.

இத்தனைக்கும் படத்துக்குக் கூட்டிப்போனது நான். அதுதான் வயிறு எரிகிறது. வேறு யாராவது கூட்டிப்போயிருந்தால் அவர்களைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

சாம்பலன் காமிக்ஸைக் காலேஜில் படிக்கும்போதே படித்துவிட்டேன். ஊரெல்லாம் இருட்டு, மழை, சாக்கடை. முகத்தில் சாம்பல் பூசிக்கொண்டு ஒருவன் திருடர்களைத் தேடித் தேடி அடிப்பான். முதல் பாதி அவ்வளவுதான். அப்புறம் ஒரு சந்தில் தெருக் கூட்டுகிற ஒருவனைப் பிடித்து, "நீதானா?" என்று கேட்பான். அவன் பயத்தில் ஆமாம் என்றுவிடுவான். கையை உடைத்துப் போட்டுவிட்டுப் போவான். மறுநாள்தான் தெரியும், காணாமல் போன சங்கிலியை எடுத்தது அவனில்லை. அதற்குப் பிறகு பதினெட்டுப் பக்கம் சாம்பலன் வாயே திறக்க மாட்டான். சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான். அந்தப் பதினெட்டுப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அடித்தவன் ஒருவன் தூக்கம் கெட்டுக் கிடக்கிறான் என்று ஒரு புத்தகத்திலாவது போட்டிருக்கிறார்களே என்று ஒரு ஆறுதல். அதை அப்பா பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நிச்சயம் முடிந்து இரண்டு மாதம். ஆவணியில் கல்யாணம். "ரெண்டு பேரும் தனியா சினிமாவுக்குப் போனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று அம்மா சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. அப்பா அன்றைக்கு சவாரியை விட்டுவிட்டு, தன் ஆட்டோவிலேயே என்னை மேட்னி ஷோவுக்கு அழைத்துவந்தார். மாப்பிள்ளை செந்தில்நாதன் மைசூரின் இன்னொரு கோடியான விஜயநகரிலிருந்து பைக்கில் வந்தார்.

படத்தில் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? தெருக் கூட்டுகிறவனைத் திருடனாகவே ஆக்கிவிட்டார்கள். கை உடைந்ததும் அவன் சட்டைக்குள்ளிருந்து தங்கச் சங்கிலி நழுவிக் கீழே விழுகிறது. அதற்கு ஒரு க்ளோஸப், அதற்கு ஒரு மேளம். தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. பதினெட்டுப் பக்கமும் போயே போச்சு. அதற்குப் பதிலாக ஒரு பாட்டு.

வெளியே வந்தால் யூட்யூப் சேனல்காரர் ஒருவர் தாடியும் மைக்குமாக நின்றுகொண்டிருந்தார். படம் பூரா இருட்டு, டிக்கெட்டோடு ஒரு டார்ச்சும் கொடுத்திருக்கலாம் என்றார் ஒருவர். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா, இந்தப் படத்துக்கெல்லாம் யார் குழந்தையைக் கூட்டிவருவார்கள் என்று கோபமாகக் கேட்டாள். காமிக்ஸில் கோட்டு சாம்பல் நிறம், படத்தில் கறுப்பு, இது பச்சைத் துரோகம் என்று கண்ணாடி போட்ட ஒருவர் கொதித்தார். கோட்டுக்கு வந்த கோபம் அவருக்குக் கைக்கு வரவில்லை.

செந்தில்நாதன் மைக்கைத் தானே இழுத்துக்கொண்டார். "சூப்பர் குரு! நம்ம ஊரிகெ இந்தவனொப்ப பேக்கு!" என்றார். நம்ம ஊருக்கு இப்படி ஒருவன் வேண்டும் என்று அர்த்தம். கன்னடத்தில் பேக்கு என்றால் வேண்டும். எனக்கு அந்த நேரம் அது தமிழில்தான் கேட்டது.

மைக் என்னிடம் வந்தது. கதையின் உயிரையே பிடுங்கிவிட்டார்கள், புத்தகத்தில் அந்த ஆள் நிரபராதி என்று ஆரம்பித்தேன். "மேடம், அதெல்லாம் லெங்த் ஆகும். அஞ்சு ஸ்டாருக்கு எத்தனை?" என்றார் தாடிக்காரர். உங்கள் தாடிக்கு வேண்டுமானால் ரெண்டு தரலாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அதை அவர் போட்டிருக்க மாட்டார்.

பக்கத்து ஹோட்டலில் மசால் தோசையும் வடையும் சொல்லி உட்கார்ந்தோம்.

"ஏன் உர்ருனு இருக்க சௌம்யா?" என்றார் செந்தில்நாதன். "படம்தானே. ரெண்டரை மணி நேரம் ஜாலியா பாத்துட்டு வர்றதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன்?"

"புக்குல அவன் திருடன் இல்லைங்க. அதுதான் கதையே."

"புக்க அப்படியே எடுத்தா எவன் பாப்பான்? ஹீரோ தப்பா ஒருத்தன் கைய ஒடச்சுட்டு மூலைல உக்காந்து அழுதா, காசு குடுத்து வந்தவன் என்ன செய்வான்? இப்பத்தான் மாஸா இருக்கு. மாமா, நீங்க சொல்லுங்க."

அப்பா வலது கையால் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இடது கை வழக்கம்போல மடியில் இருந்தது. அவர் என் பக்கம்தான் பேசுவார் என்று சத்தியம் செய்திருப்பேன்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க மாப்ள" என்றார் அப்பா. "அந்தச் சங்கிலி கீழ வுழுந்துச்சு பாருங்க, அந்த எடம் ரொம்ப நல்லா இருந்துச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பா! கைய ஒடைக்கறான். அதப் பாத்து உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"எடுத்தவன் அவந்தானே கண்ணு."

"புக்குல அவன் எடுக்கலை!"

"புக்கு கெடக்கட்டும். இதுல எடுத்தவன் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சில்ல? அன்னைக்கு இப்படி எவனாச்சும் வந்து, எடுத்தவன் மடியில இருந்து கீழ வுழ வெச்சிருந்தான்னா, எம்பேரு..." அப்பா சட்டென்று நிறுத்திக்கொண்டு தோசையைப் பார்த்தார்.

"என்னைக்கு மாமா?" என்றார் செந்தில்நாதன்.

சொல்லாதே என்று அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெண் பார்க்க வந்தபோது, கை லாரி டோரில் மாட்டி நசுங்கிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தார். திருட்டுப் பட்டம் வாங்கின வீடு என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும், அப்புறம் எனக்கு இடமே அமையாது என்று அவருக்குப் பயம். எனக்கோ பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கட்டிக்கொள்ளப்போகிறவருக்குத் தெரிந்தால்தான் என்ன? சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு அப்போது இருபது வயது. கர்நாடக எல்லையோரம் இருக்கிற ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. தேவராஜ மொஹல்லாவில் ஒரு மளிகை மண்டியில் மூட்டை கட்டி ஏற்றுகிற வேலை. ஊரில் எங்கள் தெரு முழுக்கத் தமிழ்; அப்பாவின் கன்னடம் பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிற அளவுக்குத்தான். ஒருநாள் ஏலக்காய் மூட்டை ஒன்று காணாமல் போயிற்று. முதலாளி வந்து, அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டி, "நீனே கத்யா?" என்று கேட்டார். கத்யா என்றால் திருடினாயா. அப்பா காதில் அது 'கட்டியா' என்று விழுந்தது. முடிச்சு நன்றாக இருக்கிறது, யார் கட்டியது என்று கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். "ஹௌது சாமி, நானே", ஆமாம் சாமி என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்புக்குத்தான் அடி அதிகம். ஏழு பேர். எடைபோடுகிற இரும்புக் கல்லால் மணிக்கட்டில் போட்டார்கள். இன்னொரு முறை கேட்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தன்னிடம் கேட்டது என்ன என்பதே அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான் தெரியும். ஏலக்காய் மூட்டை கடைசிவரை கிடைக்கவில்லை. அதனால் அப்பா கடைசிவரை திருடன்தான்.

செந்தில்நாதன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "ச்சே. பாவம் மாமா நீங்க" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், இல்லையென்று சொல்ல மாட்டேன். தன் வடையை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தார். எனக்கும் கொஞ்சம் தணிந்தது. அந்த மனுஷன் அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"ஆனா அவங்களயும் முழுசா தப்பு சொல்ல முடியாது மாமா. ஆமான்னு சொன்னா யாரா இருந்தாலும் என்ன நெனைப்பாங்க? எங்க ஷோரூம்லயே போன மாசம் ஒரு கேஸு" என்றார். அவர் ஒரு துணி ஷோரூமில் ஃப்ளோர் சூப்பர்வைசர். "பூங்குழலினு புதுசா சேந்த பொண்ணு. ஸ்டாக்குல ரெண்டு சுடிதார் கொறையுது. உள்ள கூப்ட்டு நான்தான் கேட்டேன். திருதிருனு முழிச்சா. கௌரம்மா மேடம் கன்னத்துல ரெண்டு வச்சாங்க. ஒடனே ஹூம் ஹூம்னு தலையாட்டிட்டா. அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பியாச்சு. நான் கை வைக்கல மாமா, சத்தியமா. நான் கேட்டேன், அவ்ளோதான்."

"சுடிதார் கெடச்சுதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அதெல்லாம் எங்க கெடைக்கும்? வித்திருப்பா. அதான் ஒத்துக்கிட்டாளே."

நான் வாயைத் திறந்தேன். கத்தியிருந்தால் அந்த ஹோட்டலே திரும்பிப் பார்த்திருக்கும். அப்பா மடியிலிருந்த இடது கையை எடுத்து என் கைமேல் வைத்தார்.

"அந்தப் புள்ளைக்கு எந்தூருங்க மாப்ள?"

"ஓமலூர் பக்கம் மாமா. மைசூருக்கு வந்தே மூணு வாரம்தான்."

"நீங்க எந்தப் பாஷையில கேட்டீங்க?"

"கன்னடத்துலதான். மேனேஜர் நஞ்சுண்டசாமி சார் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாரு. அவர் முன்னாடி தமிழ்ல பேசுனா நல்லாவா இருக்கும்?" சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு எங்கேயோ உறைத்திருக்க வேண்டும். "ஐயோ மாமா, அது வேற, இது வேற. அந்தப் பொண்ண எனக்குத் தெரியும். அவ பார்வையே சரியில்ல."

அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து எதையாவது சொல்லி மழுப்புவார், சம்பந்தத்தைக் காப்பாற்றுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதமாக அவர் வாயில் மாப்ள மாப்ள என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. தெருவில் போகிறவர்களை நிறுத்தி, விஜயநகரில் சொந்த வீடு என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷர்.

மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உட்காரவில்லை.

"வர்றனுங்க சார்" என்றார்.

செந்தில்நாதனுக்குப் புரியவில்லை. "மாமா?" என்றார். அப்பா வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். செந்தில்நாதன் என்னைப் பார்த்தார். "சௌம்யா, என்ன இது? ஒரு படத்துக்காகவா?"

சினிமாவாக இருந்தால் மோதிரத்தைக் கழற்றி சாம்பாரில் போட்டிருப்பேன். கழற்றிப் பார்த்தேன், வெயிலுக்கு விரல் வீங்கியிருந்தது, வரவில்லை. "மோதிரம் நாளைக்கு வீட்டுக்கு வரும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு எங்க இருக்கான்னு விசாரிச்சு வைங்க. இந்தத் தடவ தமிழ்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். வண்டியை எடுக்கவில்லை. பின் ஸீட்டில் ஏறியதும் என் கோபமெல்லாம் அவர் முதுகின்மேல் போய் விழுந்தது. படம் நல்லா இருந்துச்சு என்றாரே, அதற்கு. இரண்டு மாதம் கைக்குப் பொய் சொல்லி வைத்தாரே, அதற்கு. எல்லாவற்றையும்விட இன்னொன்றுக்கு.

"மாப்ளன்னு கூப்பிடாதது சரிப்பா. அவனப் போயி எதுக்கு சார்ங்கறீங்க? பேரச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே? டேய்னு சொல்ல வேண்டியதுதானே?"

அப்பா திரும்பவில்லை.

"அன்னைக்கும் அப்படித்தான் கண்ணு" என்றார். "ஏழு பேரும் அடிக்க அடிக்க சாமி, சாமின்னுதான் கூப்புட்டுட்டு இருந்தேன். அந்த மாதிரி ஆளுங்களக் கண்டா வேற எதுவும் வாய்ல வரமாட்டேங்குது."