பதினோராவது வெடி

ஏரியில் நீர்க்காகங்களைச் சுட அனுமதி கேட்டுக் கிருஷ்ணப்பா பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். மீன் குத்தகை அவருடையது. விட்ட குஞ்சுகளில் பாதி பறவை வயிற்றுக்குப் போகிறது என்றார். கரையிலிருந்து எங்கள் வரிசை வீடுகள் எண்பது அடி. பெங்களூரை அடுத்த சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம். மொத்தம் இருபத்தாறு வீடு, எல்லோரும் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்து வந்தவர்கள்.

என் மனைவி வீணா இறந்து ஏழு மாதம். அவளுடைய பெற்றோருடன்தான் நானும் மகளும் இருந்தோம். மகளுக்கு இரண்டு வயது. பின்முற்றத்தை விட்டால் அவளுக்கு விளையாட இடமில்லை.

"மாப்ள, நீங்க பி.எஸ்சி. படிச்சவரு, சுட அனுமதி வேணாம்னு ஒரு மனு எழுதுங்க" என்றார் மாமா ஜெயவேலு. எழுதினேன். நான்கு வீட்டில்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

"வெடியா? நாங்க கேக்காத வெடியா?" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை கிருஷ்ணப்பா வந்தார். "நாளைக்குக் காலையில ஒரு தடவை சுட்டுக் காட்றோம். பத்துத் தோட்டா, அவ்வளவுதான். அதுவரைக்கும் உள்ள இருங்க."

இவர்களுக்கு அது போதும். சுரங்கத்தில் எத்தனை குழியில் மருந்து வைத்தார்களோ அத்தனை வெடி கேட்க வேண்டும். எண்ணிக்கை சரியானால்தான் உள்ளே கால் வைப்பார்கள். ஒன்று குறைந்தால் யாரும் அசைய மாட்டார்கள். ஒன்று கூடும் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

ஏழு மணிக்கு முதல் வெடி. மாமா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கினார். "பத்து. ஆச்சு" என்றார். வரிசை முழுக்கக் கதவுகள் திறந்தன. அத்தை தனலக்ஷ்மி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் ஈரத்துணி வாளியுமாகப் பின்முற்றத்துக்குப் போனார்.

பதினோராவது கேட்டது.

கூரை ஷீட்டில் கல் மழை மாதிரி சத்தம். அத்தையின் கையில் தோட்டாவிலிருந்து சிதறிய இரண்டு ஈய ரவை தைத்திருந்தன. குழந்தை இருந்த கை. குழந்தைக்கு ஒன்றுமில்லை. தலையிலிருந்து பாதம் வரை தடவிப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பிறகு அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே எந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டும் என்று வீணாவோடு அலைந்ததில் எனக்குத் தெரியும்.

அன்று மாலை மீதி இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் அவர்களாகவே வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கூட்டம்.

"ஒண்ணு கூடிப்போச்சு, யஜமான்ரே. பறவை எழும்பிச்சா, சுட்ட என் மச்சான் கை நிக்கல. ரவைதானே, எறும்பு கடிச்ச மாதிரி" என்றார் கிருஷ்ணப்பா, பஞ்சாயத்துத் தலைவரிடம்.

"அப்போ உன் பொண்டாட்டிய அனுப்பு. எங்க கொடியில துணி காயப்போடட்டும். நான் உக்காந்து எண்றேன்" என்றார் மாமா.

சிலர் சிரித்தார்கள்.

மனுவைப் படித்தேன். வீடுகள் கரைக்கு எவ்வளவு பக்கத்தில், எத்தனை குழந்தைகள், பறவை வேட்டைக்குச் சட்டத்திலேயே இடமில்லை என்பது எல்லாம். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"இந்த மாசம் அனுமதி இல்ல" என்றார் தலைவர். "அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்."

"எப்பவுமே இல்லன்னு எழுதுங்க" என்றேன்.

"அப்படி எழுத வழியில்ல சார். அவர் கேட்டுட்டே இருந்தா நாங்க மாசாமாசம் கூட்டத்துல எடுத்துட்டேதான் இருக்கணும்."

சண்டை போடத் தெம்பில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ஒரு வருஷத்துக்கு, மாதம் ஒன்று என்று மனுவை நகல் எடுத்தேன். தேதி இடத்தைக் காலியாக விட்டேன்.