தூக்குமேடையில் பீற்றருக்குக் கிடைத்த மைக்

டென்மார்க்கின் கோல்டிங் நகரத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழா நாடகத்தை எழுதியவர் சங்கத் தலைவர் குலேந்திரன். கற்பனைத் தீவொன்றின் தேசியத் தலைவர் வளவன் வெள்ளையரை விரட்டுகிறார், தேர்தலில் வெல்கிறார், பிறகு தளபதியின் சதியில் ஆட்சி பறிபோய்த் தூக்கில் தொங்குகிறார். வளவன் வேடம் தனக்கே என்று குலேந்திரன் அறிவித்தும் விட்டார். மனைவி கமலாதேவி விடவில்லை.

"பிள்ளைக்குக் கலியாணம் வைச்சிருக்கிறம். நீங்கள் கழுத்திலை கயிறு மாட்டிக்கொண்டு நிக்கப் போறியளோ?"

ஆகவே குலேந்திரன் தளபதியானார். மார்பு நிறையப் பதக்கம். கயிறு பீற்றரிடம் வந்தது.

"சிலுவையிலை தொங்கினவரைக் கும்பிடுறவன் நான். எனக்கென்ன?" என்று பீற்றர் வாங்கிக்கொண்டார்.

இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பீற்றருக்குச் சங்கத்தில் கதிரை அடுக்குகிற பதவி. ஒன்பது வருடமாகச் சங்கத்தில் பொதுக்கூட்டமும் இல்லை, தேர்தலும் இல்லை. தற்காலிகத் தலைவராக வந்த குலேந்திரன் பசை போட்டு ஒட்டினாற்போல் இருந்துவிட்டார். அதைக் கேட்கப் பீற்றர் எழும்பும்போதெல்லாம் மைக் வேறு பக்கம் போய்விடும். கேட்காமல் செத்தால் என் கட்டை வேகாது என்று மனைவி விமலராணியிடம் புலம்புவார். புதைக்கிற வேதக்காரர் வாயிலேயே அந்தச் சொல் வந்ததென்றால் ஆற்றாமை எவ்வளவு என்று பாருங்கள்.

விழா நாளன்று தூக்குமேடைக் காட்சி வந்தது. "உன் இறுதி ஆசை என்ன?" என்று தளபதி கர்ஜித்தார். சிப்பாய் வேடத்தில் நின்ற கஜந்தி பீற்றரின் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்தாள். 'தாய்நாடே வாழ்க' என்று சொல்லவேண்டிய இடம். பீற்றர் மைக்கைப் பார்த்தார்.

"சங்கத்துப் பொதுக்கூட்டம் எப்ப அண்ணை?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. குலேந்திரன் பல்லைக் கடித்தார்.

"வசனத்தைச் சொல்லும்."

"கடைசி ஆசை கேட்டனீங்கள். அதுக்கு மறுமொழி சொல்லாமல் தூக்கேலாது."

"மைக்கை எடு பிள்ளை."

கஜந்தி மாட்டேன் என்று டேனிஷில் சொல்லிவிட்டு இன்னும் கிட்டப் பிடித்தாள். பின்வரிசையில் கைதட்டல் தொடங்கி முன்வரிசைக்கு வந்தது. பதக்கங்களுக்குக் கீழே தளபதிக்கு வியர்த்தது. கமலாதேவியே முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்.

"சொல்லித் துலையுங்கோவன். சனத்துக்குப் பசிக்குது."

"வாற மாதம் முதல் ஞாயிறு. ரெண்டு மணி," என்றார் குலேந்திரன், மைக்கிலேயே.

ஒன்பது வருடத்தில் பீற்றருக்குக் கிடைத்த முதல் மறுமொழி அது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சுருக்கை எடுத்துத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இனித் தூக்குங்கோ அண்ணை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வரேக்கை, செத்தவனுக்கு வாக்கில்லை எண்டு மட்டும் சொல்லக்கூடாது."