வாசலுக்கு வராத வண்டி

காலை டீ வந்தாலும், திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டம்ளரைக் கையில் எடுப்பாள் பச்சையக்கா. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் திரையில், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த வண்டி பச்சையாகவும் தாமதமான வண்டி சிவப்பாகவும் தெரியும். அவள் பார்க்கும் பகுதி எப்போதும் பச்சைப் பசேலென்றிருக்கும்.

வண்டிகள் அரசாங்கத்துடையவை. அவற்றை ஓட்டுவதும் பராமரிப்பதும் ஒரு தனியார் கம்பெனி. கம்பெனி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அரசாங்கம் பார்ப்பது இந்தத் திரையை வைத்துத்தான். சிவப்பு கூடினால் ஒப்பந்தம் போய்விடும், அதோடு இத்தனை பேர் பிழைப்பும் போய்விடும். அதனால் டிரைவர்களிடம் ஒரு பழக்கம் வந்திருந்தது. 'சேர்ந்தாச்சு' என்ற பொத்தானை நோயாளியின் வீட்டு வாசலில் அமுக்க வேண்டும் என்பது விதி. இவர்கள் தெருமுனையில் திரும்பும்போதே அமுக்கிவிடுவார்கள். புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவளே பச்சையக்காதான்.

"முனையிலயே அமுக்கிடுங்க தம்பி. எப்படியும் வாசலுக்குப் போகத்தானே போறீங்க? யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டமில்லை என்று மனசார நம்பினாள், பாவி.

அன்றைக்கு மாதாந்திர ஆய்வு. அரசாங்க அதிகாரி திரையின் முன்னால் நின்றார். மேனேஜர் வாயெல்லாம் பல்லாகப் பக்கத்தில் நின்றார்.

"கூப்பிடுறவங்களே குறைஞ்சிருக்காங்களே. ஜனங்க ஆரோக்கியமா இருக்காங்க போல" என்றார் அதிகாரி.

"எல்லாம் உங்க ஆதரவு சார்."

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை. முழங்கையில் மாவு காய்ந்திருந்தது. யாரிடம் பேசுவது என்று தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டார்.

"போன வாரம் என் வீட்டுக்காரிக்கு நெஞ்சு வலின்னு வண்டி கேட்டிருந்தேன். ஒரு அம்மாதான் பேசினாங்க."

பச்சையக்காவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. திரையில் பச்சை வந்ததும், "வண்டி வந்துடுச்சு சார், வெளியே போய்ப் பாருங்க" என்று இவரிடம் சொன்னது அவள்தான். வண்டி அந்தத் தெருமுனையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அடுத்த தெருவிலேயே இன்னொரு வண்டி சும்மா நின்றது. பச்சையைப் பார்த்ததால் அதை அவள் அனுப்பவில்லை. "நான் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுக்கா" என்று டிரைவர் அப்புறம் சொன்னான். விதி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

"நான் குறை சொல்ல வரலைங்க" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அன்னிக்கு வண்டி எந்தப் பக்கமா வந்துச்சு? ரெண்டு பக்கமும் ஓடிப் பார்த்தேன், என் கண்ணுல படவே இல்ல. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, போகாதீங்கன்னா. வண்டி வந்துடுச்சாம், இதோ கூட்டிட்டு வந்துடறேன்னு விரலைப் பிரிச்சு விட்டுட்டு வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தா, கதவைப் பார்த்தபடியே கிடக்குறா. உயிர் இல்ல." முழங்கையில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினார். "வந்த வண்டியைக் கூட்டிட்டு வரத் தெரியலையாப்பான்னு பொண்ணு கேட்கறா. அதுக்குப் பதில் சொல்லணும், அதான்."

மேனேஜர் முந்திக்கொண்டார். "வண்டி நேரத்துக்கு வந்ததாத்தான் பதிவாகியிருக்கு. பதட்டத்துல நீங்கதான் கவனிச்சிருக்க மாட்டீங்க."

"அப்படித்தான் சார் இருக்கும்" என்று தலையாட்டினார் அந்த மனிதர். "எனக்குப் பார்வையும் கொஞ்சம் மட்டு."

மறுபடி கும்பிட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். பச்சையக்கா அவர் முதுகையே பார்த்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை மிஞ்சும். இந்த மனிதர், செய்யாத தப்பைச் சாகிற வரைக்கும் சுமந்துகொண்டிருப்பார். மேனேஜர் கண்ணாலேயே மிரட்டினார். அவள் எழுந்துவிட்டாள்.

"நில்லுங்கண்ணே. உங்க கண்ணு மேல தப்பில்ல. வண்டி உங்க வாசலுக்கு வரவே இல்ல, முனையில ஒரு லாரிக்குப் பின்னால மாட்டிக்கிச்சு. வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சுன்னு பொத்தானை அமுக்குறது எங்க வழக்கம். பழக்கி விட்டதே நான்தான். அதை நம்பி உங்களை வெளியே போகச் சொன்னதும் நான்தான்."

அவர் கோபப்படுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தாள். அவர் கதவில் வைத்த கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் அவ பக்கத்துலயே இருந்திருக்கலாமாம்மா?"

பச்சையக்கா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"எங்க தெருவுல இப்ப யாரும் உங்க வண்டியைக் கூப்பிடறதில்லம்மா" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வதுபோல. "ஏதாவது ஆட்டோவைப் பிடிச்சுப் போயிடறாங்க."

கூப்பிடுகிறவர்கள் ஏன் குறைந்தார்கள் என்பது அதிகாரிக்கு விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டார்.

"சார்" என்றாள் பச்சையக்கா, அழுகையை அடக்கிக்கொண்டு. "வண்டி எப்ப வந்துச்சுன்னு எங்களைக் கேட்காதீங்க, காத்துக்கிட்டிருந்தவங்களைக் கேளுங்க. நாங்க இத்தனை நாளும் பச்சையைத்தான் காப்பாத்தினோம், உயிரை இல்ல. அரசாங்கமும் கம்பெனியும் கைகோத்தா மட்டும் போதாது சார். ஜனங்க நம்பிக் கூப்பிடற வரைக்கும்தான் இந்த வண்டி ஓடும்."

தொலைபேசி அடித்தது. எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் பதறினாள், அவள் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். வண்டியை அனுப்பிவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தாள் பச்சையக்கா. கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணெதிரே திரை பச்சையானது.

"வந்துடுச்சா? நான் வெளியே போய்ப் பார்க்கட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"வேணாம்மா" என்றாள் பச்சையக்கா. "அப்பா பக்கத்துலயே இரு. கையை விட்டுடாதே. வாசலுக்கு வந்ததும் அவங்களே உள்ள வருவாங்க."

கதவருகே நின்றிருந்த மனிதர் அதைக் கேட்டுவிட்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.