கழித்துக்கட்டிய பக்கங்கள்

வழி இரண்டு என்றார் விசா ஆலோசகர். கல்யாணம் செய்துகொண்டு காத்திருப்பது ஒன்று. காத்திருந்து கல்யாணம் செய்துகொள்வது இன்னொன்று.

"எப்படியும் காத்திருக்கணும்," என்றாள் அம்மா.

"ஆமாம்மா. ஃபாரம்தான் வேற வேற."

ஆலோசகரின் அறைச் சுவரில் ஆறு கடிகாரங்கள் ஆறு நாட்டு நேரத்தைக் காட்டின. இரண்டு நின்றுபோயிருந்தன. அந்த நாடுகளுக்கு இப்போது யாரும் விசா கேட்பதில்லை போலும்.

அவர் விரல் விட்டு விளக்கினார். மனைவி விசா என்றால் மாப்பிள்ளை இங்கே வந்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டு, தன் நாட்டுக்குத் திரும்பிப் போவார். பெண் இங்கிருந்து விண்ணப்பிப்பாள். பதினான்கு மாதம் ஆகும். நிச்சய விசா என்றால் எட்டு மாதம். நிச்சயம் மட்டும் ஆன பெண் கல்யாணமாகாமலே போய் இறங்கலாம். இறங்கிய தொண்ணூறு நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். தவறினால் போன வழியே திரும்பி வர வேண்டும்.

"மிக்ஸிக்கே ரெண்டு வருஷம் வாரன்டி தரான். பொண்ணுக்குத் தொண்ணூறு நாள்தானா?"

"அது மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தாம்மா."

மகள் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் பதினான்கு, வலப்பக்கம் எட்டு என்று எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்துமூன்று வயது. காத்திருப்பது புதிதல்ல. எந்தத் தலைப்பின்கீழ் காத்திருக்கிறோம் என்பது தெரிந்தால் போதும்.

அவள் ஒரு மருத்துவமனையின் பதிவறையில் வேலை பார்த்தாள். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலில்லாத நீண்ட அறை. பழைய நோயாளிகளின் கோப்புகளை அலமாரிக்கு அனுப்புமுன் களையெடுப்பது அவள் பொறுப்பு. ஒரே தாள் இரண்டு முறை இருந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். கிறுக்கல், அழுக்கு, சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாதது எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். எடுத்ததைக் கிழிக்கக் கூடாது. கழிவுப் பெட்டியில் போட்டு ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு: களையெடுப்பவர் வாசிக்கக் கூடாது. தலைப்பையும் தேதியையும் பார்க்கலாம். உள்ளே இருப்பது நோயாளியின் சொந்த விஷயம். பதினோரு வருடத்தில் அவள் ஒரு வரியும் வாசித்ததில்லை. அவள் எடுத்த பக்கத்தை யாரும் திரும்பக் கேட்டதும் இல்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வேறு நாட்டுக்காரன். அவனுடைய பெற்றோர் சின்ன வயதில் இங்கிருந்து போய் அங்கே தங்கிவிட்டவர்கள். வார்டுகளிலிருந்து பதிவறைக்குக் கோப்புகள் மட்டும் இறங்கும் சிறு லிஃப்ட் ஒன்றைப் பொருத்த அவனுடைய கம்பெனி அவனை மூன்று மாதம் அனுப்பியது. மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. மீதி நாளெல்லாம் கதவு சரியாக மூடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். கதவு மூடிக்கொண்டுதான் இருந்தது.

"ஃபைல் மேடம், ஒரு தடவை அழுத்திப் பாருங்க."

"இதோட நாற்பதாவது தடவை."

"எண்ணிட்டிருக்கீங்களா?"

அப்படி ஆரம்பித்தது. அவன் திரும்பிப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. இடையில் இருமுறை விடுப்பில் வந்தான். மற்றபடி அவளுடைய மதிய இடைவேளையும் அவனுடைய காலை நேரமும் ஒன்றாக வரும் நாற்பது நிமிடம்தான் அவர்களுடைய குடும்பம்.

எந்த விசா என்று பேச ஆரம்பித்ததும் அந்த நாற்பது நிமிடம் போதவில்லை. மீதியை மெசேஜில் தொடர்ந்தார்கள். அவனுக்கு நிச்சய விசா. சீக்கிரம் வந்துவிடலாம். அவளுக்கு மனைவி விசா. கையெழுத்தாகிவிட்டால் கவலையில்லை.

"தொண்ணூறு நாள்ல உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சுன்னா?"

"பதினாலு மாசத்துல உனக்கு என்னை மறந்துபோச்சுன்னா?"

இருபதாம் நாள் வாக்கில் அவள் சொன்னது அவனுக்குச் சரியென்று பட்டது. அவன் சொன்னது அவளுக்குச் சரியென்று பட்டது. இருவரும் நியாயமானவர்கள். ஆளுக்கொரு கட்சி மாறி, சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அந்தச் சண்டையில்தான் அவள் அவனை முதன்முதலாக நீ என்றாள். மறுநாள் நீங்க என்று திருத்திக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் மறுபடி நீ.

நாற்பத்துநான்காம் நாள் அம்மா தீர்த்துவைத்தாள்.

"கல்யாணமான பொண்ணு பதினாலு மாசம் வீட்டுல உட்கார்ந்திருந்தா ஊரு புதுசா ஏதாவது பேசும். கல்யாணமாகாத பொண்ணைப் பத்திப் பேச வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு. நிச்சய விசாவே போடு."

அதற்கு மேல் வாதமில்லை. நிச்சய விசா என்று முடிவானது.

உறவு உண்மையானது என்று நிரூபிக்க வேண்டும் என்றார் ஆலோசகர். புகைப்படம், பயணச் சீட்டு, இரண்டு வருட மெசேஜ் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கோப்பாகத் தர வேண்டும். "பாசம் தெரியணும். வழியக் கூடாது," என்றார்.

கோப்பு என்றதும் அவளுக்குக் கை பரபரத்தது. அறுநூறு பக்கம் அச்சிட்டாள். சாப்பாட்டு மேசையில் தேதிவாரியாக அடுக்கினாள். களையெடுத்தாள். ஒரே புகைப்படம் இருமுறை வந்தால் ஒன்று வெளியே. மங்கலானவை வெளியே. சண்டை நடந்த நாற்பத்துநான்கு நாள், மொத்தம் முப்பத்தெட்டுப் பக்கம், தேதியைப் பார்த்து ஒரே பிடியாக எடுத்தாள். சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாதது. பழைய செருப்புப் பெட்டியில் போட்டு, மூடிமேல் தேதி எழுதி, கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

தூதரக அதிகாரி நடுத்தர வயதுப் பெண். கோப்பை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் புரட்டினார்.

"இவ்வளவு சுத்தமான ஃபைலை நான் பார்த்ததே இல்லை."

அவளுக்கு முகம் சிவந்தது. பதினோரு வருடத்தில் யாரும் சொன்னதில்லை. "நன்றி மேடம்."

"அதுதான் பிரச்சனை," என்றார் அதிகாரி. "மார்ச் மூணாம் தேதிலருந்து ஏப்ரல் பதினஞ்சு வரைக்கும் ஒண்ணுமே இல்லை. நீங்க பேசிக்கவே இல்லையா?"

"பேசினோம்."

"எங்கே?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"அது சண்டை மேடம்."

"எதைப் பத்தி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். வேறு காரணம் எதுவும் உடனே கிடைக்கவில்லை. "எந்த விசாவுக்குப் போடறதுன்னு."

அதிகாரி சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷத்துல ஒரு சண்டைகூட இல்லாத ஜோடின்னு ஃபைல் சொல்லுது. எனக்குக் கல்யாணமாகி இருபத்தோரு வருஷமாச்சு. இதை நான் எப்படி நம்பறது?" என்று கேட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார். விடுபட்ட பக்கங்களை முப்பது நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நிராகரிக்கப்பட்டால் மூன்று வருடத்துக்கு எந்த வழியிலும் விண்ணப்பிக்க முடியாது.

பதினான்கா எட்டா என்று மல்லுக்கட்டியவளுக்கு இப்போது முப்பத்தாறு மாதம்.

வீட்டுக்கு வந்து செருப்புப் பெட்டியை இழுத்தாள். பக்கங்களுக்கு எண் போட வேண்டும். இது மருத்துவமனைக் கோப்பு இல்லை, வாசிக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. நோயாளியே அவள்தானே.

வாசித்தாள். இப்படியெல்லாமா பேசினோம் என்று நாலைந்து இடத்தில் பெட்டியை மூடிவிடத் தோன்றியது. அவன் அவளை ஃபைலுக்குப் பிறந்தவள் என்று திட்டியிருந்தான். அவள் அவனுக்கு மேலேயும் கீழேயும் தவிர வேறு திசை தெரியாது என்று எழுதியிருந்தாள். பத்தொன்பதாம் பக்கம், முப்பத்தோராம் நாள், இப்படி இருந்தது:

அவள்: எப்பப் பார்த்தாலும் நான்தான் வரணும். நீ ஏன் இங்க வரக்கூடாது?

அவன்: வரலாமே. நீ கேட்கவே இல்லையே.

அவள்: பேச்சை மாத்தாதே. தொண்ணூறு நாள் போதுமா போதாதா?

அவன்: போதாது.

அதன் பிறகு பதின்மூன்று நாள் தொண்ணூறைப் பற்றியே ஓடியிருந்தது.

அவள் அந்தப் பக்கத்தை மூன்று முறை வாசித்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வெண்ணெயை அச்சிட்டு, தேதி போட்டு, கட்டிலுக்கடியில் தள்ளியவளைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

மறுநாள் மதியம் கூப்பிட்டாள். அவன் ஏதோ கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தான். குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல் வந்தது.

"பத்தொன்பதாம் பக்கம்," என்றாள்.

"என்னது?"

நான்கு வரியையும் வாசித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

"நிஜமாத்தான் சொன்னீங்களா?"

"நிஜமாத்தான் சொன்னேன்."

"அப்புறம் ஏன் திரும்பச் சொல்லலை?"

"பேச்சை மாத்தாதேன்னு சொன்னே. மாத்தலை."

"நான் ஆயிரம் சொல்லியிருக்கேன். ஒண்ணையாவது கேட்டிருக்கீங்களா? பார்த்துப் பார்த்து இதைப் போய்க் கேட்டிருக்கீங்க."

"எதைக் கேட்கணும் எதைக் கேட்கக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பு. உனக்குத்தான் வருமே."

"உங்க அம்மா அப்பா என்ன சொல்வாங்க?"

"அவங்களே ஊரை விட்டு வந்தவங்க. போறவனை எந்த வாயால தடுப்பாங்க?"

அவள் மெதுவாகக் கேட்டாள். "எனக்கு அங்க வரணும்னு ஆசையான்னு இதுவரைக்கும் யாராவது என்னைக் கேட்டீங்களா?"

"இல்லை. ஆசையா?"

"எனக்கே தெரியலை. என்னையும் நான் கேட்டுக்கலை."

அன்று மாலை ஆலோசகரிடம் போனாள். அந்த நாட்டிலிருந்து இங்கே வர என்ன வழி என்று கேட்டாள். அவர் தன் கடிகாரங்களைப் பார்த்தார்.

"அங்கேருந்து இங்கேயா? யாரு வருவா?"

"ஒருத்தர் வரார்."

"இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு எங்ககிட்ட கவுன்டரே இல்லையேம்மா."

கவுன்டர் தேவைப்படவில்லை. அரசு இணையதளத்தில் இரண்டு பக்கப் படிவம் ஒன்று இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் வேலை, ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் நான்காவதாக இருந்தது. ஆறு வாரம். வந்து இறங்கிய முப்பது நாளுக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்தால் குடும்பமாக இங்கேயே தங்கும் உரிமையும் உண்டு. தொண்ணூறு போதுமா என்று நாற்பத்துநான்கு நாள் அடித்துக்கொண்டவர்கள் முப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அன்றே விண்ணப்பித்தான்.

அதுவும் கைநழுவினால் என்ன செய்வது? தூதரகத்தின் கெடு முடிய நாலு நாள் இருந்தது. முப்பத்தெட்டுப் பக்கத்தையும் ஆலோசகரிடம் கொண்டுபோனாள். அவர் புரட்டிப் பார்த்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"எல்லாம் நல்லாயிருக்கு. நல்ல சண்டை. இந்தப் பத்தொன்பதை மட்டும் எடுத்துடுங்க. பொண்ணுக்கு வர இஷ்டமில்லைன்னு நினைச்சுப்பாங்க."

"எடுத்ததாலதானே சார் இங்க வந்து நிக்கிறேன்," என்றாள். முப்பத்தெட்டையும் அப்படியே அனுப்பினாள்.

ஏழாவது வாரம் அவன் வந்தான். இரண்டு பெட்டி. ஒன்றில் துணி, இன்னொன்றில் கருவிகள். துணிப் பெட்டி சின்னது.

"வாங்க மாப்பிள்ளை," என்றாள் அம்மா. "பொண்ணை அனுப்பி வைக்கலாம்னு அலமாரியெல்லாம் காலி பண்ணினேன். அதுவும் வீண் போகலை."

பதிவு அலுவலகத்தில் ஆறாம் நாளே இடம் கிடைத்தது. இரண்டு கையெழுத்து, இரண்டு சாட்சி. பதினொரு நிமிடத்தில் முடிந்தது. அன்று மாலையே தூதரகத்துக்கு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினாள். அவள் போட்ட கடிதமும் அவர்கள் போட்ட கடிதமும் வழியில் எங்கோ ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும். மறு வாரம் தூதரகத்திலிருந்து உறை வந்தது. நிச்சய விசா அனுமதிக்கப்பட்டது. உறவு உண்மையானது என்பதில் ஐயமில்லை என்று எழுதியிருந்தார்கள்.

செய்தி தெரிந்து ஆலோசகர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா? இது கல்யாணமாகாதவங்களுக்கான விசா. இப்ப செல்லாதும்மா."

"தெரியும் சார்."

"பரவாயில்லை, மனசைத் தளரவிடாதீங்க. இப்ப மனைவி விசாவுக்குப் போடலாம். பதினாலே மாசம்."

அவள் நன்றி சொல்லி வைத்தாள். அவன் தரையில் உட்கார்ந்து கருவிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஸ்பேனர்கள் அவளுடைய புடவைகளுக்குப் பக்கத்தில் வந்திருந்தன.

"அது என் தட்டு," என்றாள்.

"கீழ்த்தட்டு ஈரமா இருக்கு. துருப்பிடிக்கும்."

"என் புடவைக்கு மட்டும் ஈரம் ஆகுமா?"

"புடவை துருப்பிடிக்காது."

"ஆஸ்பத்திரியில அந்த லிஃப்ட் கதவு இப்ப நிஜமாவே மூட மாட்டேங்குது. அதைப் போய்ச் சரி பண்ணுங்க. என் அலமாரியை விடுங்க."

"பேச்சை மாத்தாதே," என்றான் அவன், ஸ்பேனரை நகர்த்தாமல்.

அவள் கட்டிலுக்கடியிலிருந்து செருப்புப் பெட்டியை இழுத்தாள். தூதரகத்து உறையை உள்ளே போட்டாள். மூடிமேல் அன்றைய தேதியை எழுதினாள்.

"எவ்வளவு நாளைக்கு வெச்சிருக்கணும்?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏழு வருஷம்."

"மிக்ஸியைவிட அதிகம்தான்," என்று சொல்லிவிட்டு அம்மா போனாள்.