வெறும் தட்டு

கூண்டுக்குள் நான், வெளியே மகாராணி. எல்லாம் ஒரு பிடி வைக்கோல் செய்த வேலை.

மகாராணி எங்கள் உயிரியல் பூங்காவின் ஒரே சிம்பன்சி. அவளுடைய அறைக்கு மேலிருந்து இறங்கும் இரும்புக் கதவு ஒன்று உண்டு. நாங்கள் ஷட்டர் என்போம். அவளை உள்ளே விட்டு அதை இறக்கிய பிறகுதான் நாங்கள் அறைக்கு முன்னால் இருக்கும் நடைக்குள் இறங்கிக் கழுவுவோம். ஒருத்தர் சங்கிலியை விட்டு ஷட்டரை இறக்க வேண்டும், இன்னொருத்தர் குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். என் ஜோடிக்காரர் பல்வலி என்று அன்றைக்கு மட்டம். இரண்டு வேலையையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று மேலதிகாரியிடம் வாயடித்தது நான்தான். சங்கிலியை விட்டேன், குனியவில்லை. அடியில் வைக்கோல் சிக்கி இரண்டு விரல் இடைவெளி இருந்திருக்கிறது. தூக்கித் திறக்க அவளுக்கு இரண்டு விரல் போதாதா?

துடைப்பத்தோடு திரும்பினால், நடையின் நடுவில் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறாள். வாசல் கதவு அவளுக்குப் பின்னால். எனக்குப் பின்னால் வைத்தியக் கூண்டு, காலியாக. சாமி சத்தியமாக யோசிக்கவில்லை. உள்ளே பாய்ந்து, கம்பிக் கதவை இழுத்து, கம்பி வழியாகக் கையை விட்டுப் பூட்டைப் போட்டுவிட்டேன்.

அந்தக் கூண்டில் முழுசாக நிமிர முடியாது. மூன்று பக்கம் சுவர். கழுவிக் காயவைத்த அவளுடைய அலுமினியத் தட்டு ஒரு மூலையில் கிடந்தது. மருந்து நெடி தொண்டையை அடைத்தது. உடம்பு சரியில்லாத மிருகங்களை இதில் போட்டுவிட்டு, "ரெண்டு நாள்தானே, பொறுத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு இரண்டு நிமிஷத்திலேயே மூச்சு முட்டியது. என் வாயைத் தைக்க வேண்டும்.

இடுப்பில் வாக்கிடாக்கி இருந்தது. தொடவில்லை. விலங்கு ஷட்டரைத் தாண்டிவிட்டது என்று அதில் சொன்னால், துப்பாக்கிக்காரர் வருவார். ஆளுக்கு ஆபத்து என்றால் சுட வேண்டும், பேச்சே கிடையாது. அந்த வாரம் துப்பாக்கி முறை இதே பூங்காவில் வேலை பார்க்கும் என் சொந்த அண்ணனுக்கு. அவனைச் செல்லில் கூப்பிட்டேன்.

"அண்ணே, கத்தாம கேளு. மகாராணி நடையில நிக்கிறா. நான் வைத்தியக் கூண்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

"அடிப் பாவி! வாக்கிடாக்கில சொல்லிட்டியா?"

"சொன்னா உன்னைத்தானே அனுப்புவாங்க? அதான் உன்கிட்டயே பேசுறேன்."

அண்ணனைத்தான் கூப்பிட்டேன். துப்பாக்கியும் கூடவே வந்தது. வாசல் கதவின் சின்ன ஜன்னலைத் தள்ளித் திறந்து, குழலை உள்ளே நீட்டினான். அதைப் பார்த்ததும் மகாராணி பல்லெல்லாம் தெரிய வாயைப் பிளந்து என் பக்கம் ஓடிவந்து, கூண்டுக் கதவைப் பிடித்து உலுக்கினாள். அது பயம். பயந்தால் அவள் என்னிடம்தான் வருவாள். ஆனால் உலுக்குகிற உலுக்கில் மேல் கீலின் ஆணி பாதி வெளியே வந்துவிட்டது.

"மயக்க ஊசி போடேன்," என்றேன்.

"ஊசி ஏற நேரமாகும். அதுக்குள்ள வெறி புடிச்சுக் கதவைப் பேத்துட்டா? எனக்குப் பின்னால பள்ளிக்கூடப் புள்ளைங்க வரிசையா வருதுங்க. நீ சுவரோட ஒட்டிக்கோ."

"அண்ணே, வேணாம்ணே. அவ ஒண்ணும் பண்ணமாட்டா."

"கீல் புடுங்கிட்டு வருது, எனக்குக் கண்ணு இல்லையா? அம்மாகிட்ட நான் என்னடி பதில் சொல்றது?"

குழல் அவள் முதுகுக்கு நேராக வந்து நின்றது. சுட்டுவிடுவான். எனக்காகத்தான் சுடுவான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

எங்கள் வேலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தட்டைத் தட்டிக் கூப்பிட்டால் தட்டில் சாப்பாடு இருக்க வேண்டும். அடம்பிடிக்கிற மிருகத்தை உள்ளே இழுக்க வெறும் தட்டைத் தட்டுகிறவனுக்கு எங்களிடம் மரியாதை கிடையாது. மனுஷனிடம் ஆயிரம் பொய் சொல்லிப் பிழைக்கலாம். மிருகத்திடம் பொய் ஒரு தரம்தான் செல்லும்.

தட்டை எடுத்துக் கம்பியில் தட்டினேன். "வாடி ராசாத்தி, சாப்பிடலாம் வா."

உலுக்குவதை நிறுத்தினாள். சிலிர்த்த மயிர் மெதுவாகப் படிந்தது. சாப்பாட்டுக்கென்று தொண்டைக்குள் ஒரு முனகல் வைத்திருப்பாள், சந்தோஷமான முனகல். அதை முனகிக்கொண்டே தன் அறைக்குள் போய், வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

பூட்டைத் திறந்து வெளியே வந்தேன். "ஓடாத," என்று அண்ணன் கிசுகிசுத்தான். ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் அடியில் இருக்கிற வைக்கோலை எடுத்தாக வேண்டும். மண்டியிட்டேன். என் கழுத்து அவள் கைக்கு எட்டும் தூரம். வைக்கோலை வழித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். நீட்டிய கையை மடக்கவில்லை. எழுந்து சங்கிலியை விட்டேன்.

அண்ணன் உள்ளே வந்து தலையில் ஒரு குட்டு வைத்தான். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நான் வாழைப்பழம் எடுக்க ஓடினேன். கொண்டுவந்தபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். பழம் அப்படியே கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் பகலில் விடும் திறந்தவெளி அடைப்பில் இருந்தாள். அவித்த முட்டை, வெள்ளரி, பழம் எல்லாம் நிறைத்துத் தட்டைத் தட்டினேன். கூப்பிட்டேன், கெஞ்சினேன், திட்டக்கூடச் செய்தேன். எதிர்ச் சுவரோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளே வராமல் நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது. இருட்டிக்கொண்டு வந்தது. கன்னத்தில் வீக்கத்தோடு வந்திருந்த ஜோடிக்காரர் தட்டை வாங்கி ஒருதரம் தட்டினார். அவள் தலையைத் திருப்பினாள், என்னைக் கண்டதும் மறுபடியும் திரும்பிக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதம்மா," என்றார் அவர். "நீ கொஞ்சம் மறைஞ்சுக்கோ."

இப்போது தினமும் அப்படித்தான். அவர் தட்டை எடுத்ததும் நான் போய்த் தீவன அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். அவள் முனகிக்கொண்டே வருவது கேட்கிறது. சுட்டுவிடுவார்களே என்றுதான் அப்படிச் செய்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அந்தத் தட்டின் சத்தம் ஒன்றுதான். அதில் பொய் சொல்லிவிட்டேன்.