பென்சிலில் எழுதிய வரி

அக்கா என் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியபோது, துணிக்கு அடியில் என் கையில் சில தாள்கள் இருந்தன. மறுநாள் மாலை நூலக மாடியில், மைக்கின் முன் நின்று நான் படிக்கவேண்டிய தாள்கள். அவை அக்காவைப் பற்றியவை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

“இந்தத் தலையோட மேடை ஏறலாம்னு இருந்தியா?” என்றாள். “எலி கடிச்ச மாதிரி இருக்கு. போன தடவை யார்டா வெட்டினது?”

“நீதான்.”

“அப்ப எலி இல்ல. நிமிர்ந்து உக்காரு.”

அக்காவின் சலூனில் கடைசி வாடிக்கையாளர் போயிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். தரையில் கூட்டி ஒதுக்கிய முடி மூலையில் ஒரு சின்னப் பிராணியைப் போலச் சுருண்டு கிடந்தது. சீப்புகள் மருந்துத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. ஏசியின் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. படிப்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனாலும் நான் தாள்களை வெளியே எடுக்கவில்லை.

நான் பகலில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். பிரேமுக்குள் உட்காரும்படி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. மயிரிழை சாய்ந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். மாலையில் வாழ்க்கை எழுத்து வகுப்புக்குப் போகிறேன். கதை கட்டக்கூடாது, நடந்ததை எழுதவேண்டும், ஆனால் கதை போலப் படிக்கவும் வேண்டும் என்று சொல்லித்தருகிற வகுப்பு. பகல் வேலையின் பயம் மாலையிலும் என்னை விடவில்லை. அதனால் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். என் கண்ணால் கண்டதை நீல மையில் எழுதுவேன். பிறர் சொல்லிக் கேட்டதைப் பச்சையில். நானாக ஊகித்ததைப் பென்சிலில்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். எல்லோருக்கும் அவர் டிரைவரண்ணன். என் டைரியை முதல்முறை எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது டைரியா, டிராஃபிக் சிக்னலா?” என்றார்.

சிரித்துக்கொண்டேன். என் முறையில் ஓட்டை இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. பென்சில் என்றாலே ஊகம் என்பதால், பென்சில் வரிகளில் நான் ‘ஒருவேளை’ என்றோ ‘இருக்கலாம்’ என்றோ எழுதுவதே இல்லை. அந்தச் சொற்களின் வேலையைப் பென்சிலே செய்துவிடும். ஆனால் வகுப்பு நடத்தும் வாசிப்பு மேடைக்காகக் கணினியில் தட்டச்சு செய்தபோது நீலம், பச்சை, பென்சில் மூன்றும் கறுப்பாகிவிட்டன.

அப்படிக் கறுப்பான வரிகளில் ஒன்று இது: ‘எங்கள் இருவருக்காகவும்தான் அக்கா தன் கல்யாணத்தை நிறுத்தினாள்.’

இருவர் என்றால் அம்மாவும் நானும். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், அம்மா அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அக்கா வேலையிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றி வைத்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “இந்தக் கல்யாணம் நடக்காது” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசவும் இல்லை.

வகுப்பில் இதைப் படித்தபோது அந்த வரியில் அறையே அடங்கிப்போனது. டீச்சர் மேடைக்கான பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு, “இதைக் கடைசியா வெச்சுக்கலாம். இதுக்கப்புறம் யாராலும் படிக்க முடியாது” என்றார். நான் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தேன். டைரியைத் திறந்தேன். அந்த வரி பென்சிலில் இருந்தது.

உடனே டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஒரு பெண் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிவிட்டுத் தூங்கினாள். அதற்கு யார் கைதட்டுவார்கள்? மேலும் ஊகம் என்பதாலேயே அது பொய்யாகிவிடுமா? உண்மையாக இருந்துவிட்டால்? இப்படியே நாளைத் தள்ளினேன்.

டீச்சர் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்றுதான். உயிரோடு இருக்கிறவரைப் பற்றி எழுதினால், மேடை ஏறுவதற்குள் அவருக்கு முழுவதையும் படித்துக்காட்ட வேண்டும். அதையும் கடைசி மாலைவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். “உங்கக்கா கையில கத்தரிக்கோல் இருக்கும் தம்பி. பாத்துப் படி” என்று டிரைவரண்ணன் முந்தின நாளே எச்சரித்திருந்தார். அம்மாவோ, மகன் மைக்கில் பேசப்போகிறான் என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி முடித்து, முன்வரிசையில் உட்காருவதாக முடிவும் செய்திருந்தாள்.

“அக்கா, நாளைக்குப் படிக்கப்போறதை ஒரு தடவை கேக்குறியா?”

“படி. ஆனா தலையை ஆட்டாத.”

தாள்களைத் துணிக்கு வெளியே எடுத்தேன். முதல் வரியிலேயே அது யாரைப் பற்றியது என்று அவளுக்குப் புரிந்திருக்கும். கண்ணாடியில் பார்த்தேன். என் தலைக்குமேல் குனிந்திருந்த முகம் மாறவில்லை. கத்தரிக்கோல் காதோரமாக ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஷூவைப் படித்தேன். தட்டைப் படித்தேன். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா சித்தியிடம் போனில், ‘எல்லாம் என்னாலதான்’ என்று அழுததைப் படித்தேன். பிறகு அந்த வரி.

கத்தரிக்கோல் நின்றது.

“இதை அம்மா முன்னாடி படிக்கப்போறியா?”

“ஆமா… அதான் உன்கிட்ட முதல்ல…”

அவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். சீப்புகளை அள்ளிக்கொண்டு பின்னால் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் நான் மட்டும் இருந்தேன். வலப்பக்கம் ஒழுங்காக வெட்டிய தலை, இடப்பக்கம் எலி கடித்த தலை. எழுந்து போய் மன்னிப்புக் கேட்பதா, அப்படியே உட்கார்ந்திருப்பதா? இந்தக் கோலத்தோடுதான் நாளைக்கு மேடை ஏறவேண்டுமோ என்றுகூட அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்தது. அதற்காக என்மேலேயே வெறுப்பாக இருந்தது. குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை. நாலு சீப்பைக் கழுவ எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

அவள் திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள்.

“யார் சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. நானா…”

“நீயா நினைச்சுக்கிட்ட. நினைச்சதை நடந்ததுன்னு எழுதிட்ட.”

“டைரியில பென்சில்லதான் எழுதியிருந்தேன்க்கா.”

“என்ன?”

பென்சில் கதையைச் சொன்னேன். கேட்கக் கேட்க எனக்கே அது பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

“முதல்ல, அது ஷூ இல்ல, செருப்பு. அன்னிக்கு மழை. ஷூ நனைஞ்சிடும்னு கடையிலயே விட்டுட்டு, பிஞ்ச செருப்போட வந்தேன். அது எந்தக் கலர்ல எழுதியிருக்க?”

ஷூ நீல மையில் இருந்தது. பழுப்பு ஷூ, வாசற்படி ஓரமாகக் கழற்றி வைத்தது, கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. “நீலம்” என்றேன்.

“அழகுதான்” என்றாள். “ரெண்டாவது, நான் யாருக்காகவும் நிறுத்தல. மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான். ஆனா அவர் பேச ஆரம்பிச்சா எனக்குத் தூக்கம் வந்துடும்டா. கம்ப்ரஸர் எப்படி ஓடுது, கேஸ் எங்க ஒழுகுது, எந்தக் கம்பெனி மோட்டார் நல்லது. அன்னிக்குச் சாயங்காலம் டீக்கடையில உக்காந்து பேசிட்டிருந்தார். நான் கொட்டாவியை அடக்கி அடக்கி, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அதைப் பாத்துட்டு, பாவம், நான் உருகிட்டேன்னு நினைச்சுக்கிட்டார். ஆயுசு முழுக்க இப்படி வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமான்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“ஏன், பத்தலையா உனக்கு?”

போதவில்லைதான். என் எழுத்தின் முதுகெலும்பை அவள் உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கொட்டாவியை வைத்துவிட்டாள். ஆனால் அதோடு இன்னொன்றும் தோன்றியது. இது அந்த வரியைவிட நன்றாக இருந்தது. டீக்கடை, கண்ணில் தண்ணீர், பாவம் அந்த மனிதர். இதைப் படித்தால் அறை சிரிக்கும், பிறகு அடங்கும். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

“அதை எழுதின, மீதித் தலையை மொட்டை அடிச்சு அனுப்பிடுவேன்” என்றாள். “போன மாசம் இந்த ஏசியைச் சரிபண்ணினது யாருன்னு நினைக்கிற? இன்னிக்கும் அவர்தான் வர்றார். பொண்டாட்டி பிள்ளைங்களையும் முடி வெட்ட இங்கதான் கூட்டிட்டு வர்றார். இத்தனை வருஷமா அந்த மனுஷனுக்குக் காரணம் தெரியாது. தெரியவும் வேணாம்.”

“சரிக்கா.”

“அம்மா விஷயம் வேற. என்னால கெட்டுது, என்னால கெட்டுதுன்னு இப்பவும் மருகிக்கிட்டிருக்கா. அப்படி இல்லம்மான்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். அவ மனசு நோகக்கூடாதுன்னு நான் மறைக்கிறேனாம். நீ மைக்ல ஆமான்னு சொல்லிட்டா, அதோட முடிஞ்சுது. சாகற வரைக்கும் அதையே பிடிச்சுக்குவா.”

கத்தரிக்கோலை எடுத்து இடப்பக்கத்தை வெட்டத் தொடங்கினாள்.

வீட்டில் என் மேசையில் தாள்களைப் பரப்பினேன். அந்த வரியை அப்படியே விட்டால் பொய். அவள் சொன்னதை எழுதினால் துரோகம். ‘அக்கா ஏன் நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது’ என்று எழுதலாம் என்று முதலில் தோன்றியது. மானமாகத் தப்பித்துக்கொள்கிற வழி. ஆனால் நேற்றுவரை அது உண்மை. இன்று எனக்குத் தெரியும். அதனால் அதுவும் பொய். பேசாமல் உடம்பு சரியில்லை என்று டீச்சருக்குச் சொல்லிவிடலாமா? அதுவும்கூடப் பொய்தானே. எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். ‘ஷூ’ இருந்த இடத்தில் ‘ஷூ என்று எனக்கு ஞாபகம், செருப்பு என்கிறாள் அக்கா’ என்று மாற்றினேன்.

மறுநாள் மாலை என் முறை வந்தது. முன்வரிசையில் அம்மா, பக்கத்தில் அக்கா. மாற்றியதை நான் அக்காவுக்குப் படித்துக்காட்டியிருக்கவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் தைரியம் இல்லை. தட்டு வரை படித்தேன். அம்மா அழுததை அவளிடம் கேட்காமல் படிக்கக்கூடாது என்று எடுத்துவிட்டிருந்தேன். பிறகு புதிய வரிகள் வந்தன. அவற்றைப் படிக்கும்போது தாளிலிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை.

‘அக்கா அம்மாவுக்காகவும் எனக்காகவும்தான் கல்யாணத்தை நிறுத்தினாள் என்று நான் நம்பியிருந்தேன். அது தவறு. காரணத்தை நேற்று என்னிடம் சொன்னாள். அதில் அம்மாவும் இல்லை, நானும் இல்லை. அந்தக் காரணம் அவளுடையது. அதை நான் இங்கே எழுதமாட்டேன்.’

அறை அடங்கவில்லை. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டீச்சர் முகத்தை நான் பார்க்கவில்லை. கைதட்டல் அளவாக இருந்தது. இறங்கி வந்தபோது டிரைவரண்ணன் என் தலையைத் தடவிப் பார்த்து, “உயிரோட விட்டுட்டாங்களே” என்றார்.

படிக்கட்டில் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“என்னடி, அவன் படிச்சது நிஜமா?”

“எது?”

“நான் காரணம் இல்லையா?”

“அதைத்தானேம்மா இத்தனை வருஷமா சொல்றேன்.”

“நீ சொல்லுவ. அவன் மைக்லயே சொல்றானே.” அம்மா ஒரு படி இறங்கினாள். மறுபடி நின்றாள். “கொஞ்சம்கூடவா இல்ல?”

“கொஞ்சம்கூட இல்ல.”

அம்மாவின் முகத்தில் வந்தது நிம்மதியா, மனத்தாங்கலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. “படுத்த படுக்கையா கிடந்தேனேடி” என்று முணுமுணுத்துவிட்டு, “பின்ன எதுக்குத்தான் நிறுத்தின?” என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கையை வாயருகே கொண்டுபோய், நீளமாக, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

“பாரு, கேள்வி கேட்டா கொட்டாவி விடுறா” என்றாள் அம்மா. “வா, போலாம். நாள் முழுக்க நின்ன அலுப்பு.”

இருவரும் முன்னால் இறங்கிப் போனார்கள். மாற்றிய வரிகள் அக்காவுக்குச் சம்மதம்தானா என்று நான் கேட்கவில்லை. அவள் கொட்டாவி விட்டதை வீட்டுக்குப் போனதும் நீல மையில் எழுதினேன். அது எனக்காக விட்டது என்பதை, கொஞ்சம் யோசித்துவிட்டு, பென்சிலில் எழுதினேன். ‘இருக்கலாம்’ என்ற சொல்லையும் பக்கத்தில் சேர்த்தேன்.